அவர் சொல்லாத வார்த்தை

மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். அனுப்புநர் விலாசத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் வைத்துவிடுவாயோ என்று பயந்து, அதை எழுதாமலே அனுப்பலாமா என்று யோசித்தேன். திருட்டுத்தனம் மாதிரி இருந்தது. எழுதிவிட்டேன்.

உன் விலாசத்தைக் கொடுத்தது உன் அண்ணி. உன் அண்ணனுக்குத் தெரியாது. துணி காயப்போடும் இடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தாள். போன் நம்பரையும் மாற்றிவிட்டாயாம். நீ போய் இன்றோடு இருநூற்றுப் பதினொரு நாள்.

ஜன்னல் பக்கம் மூன்றாவது வரிசையில் உன் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. போன மாதம் சபைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் தெரியாமல் உட்கார்ந்தாள். டைப்பிஸ்ட் அம்மா, "அங்க காத்து அடிக்கும், இங்க வந்துடும்மா" என்று தன் பக்கத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். திருவிருந்து மேஜைக்கு நீ தைத்துக் கொடுத்த வெள்ளை விரிப்பு ஓரத்தில் பிரிந்திருக்கிறது. நான் தைத்துப் பார்த்தேன். புண்ணுக்குப் போட்ட தையல் மாதிரி வந்தது. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் சுகம். ஞாயிற்றுக்கிழமை இப்போது இரண்டு ஆராதனை வைக்க வேண்டியிருக்கிறது. பாஸ்டர் வாயில் ஆண்டவரின் வார்த்தை இருக்கிறது என்று கேள்விப்பட்டு வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். செவ்வாய்க்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு முன்பு பதினாறு பேர், இப்போது இருபத்து மூன்று பேர். யார் யாருக்கு எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று நான் வழக்கம்போல நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு நடந்தது உன் நன்மைக்காக ஆண்டவர் செய்தது என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். நீ திரும்பி வந்துவிடு. யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கேட்க நான் விடமாட்டேன்.

உன் அக்கா


மார்ச் 19

பாஸ்டரம்மாவுக்கு,

கடிதம் கிடைச்சுது. மூணு நாள் தலையணைக்குக் கீழ வெச்சிருந்துட்டுப் பிரிச்சேன். உள்ள என்ன இருக்கும்னு தெரியும். வந்துடுன்னு இருக்கும். இருந்துச்சு.

வேலையைப் பத்தி நீங்க கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். பெரிய ஆஸ்பத்திரி. தரைக்குக் கீழ ஒரு துணி அறை. சலவையில இருந்து வர்ற விரிப்பு, திரை, நோயாளிங்க போடற அங்கி எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்து, கிழிஞ்சதை எடுத்து ஒட்டுப் போடணும். அங்கியில முதுகுப் பக்கம் கட்டற நாடாதான் எப்பவும் பிஞ்சு வரும். ஒரு நாளைக்கு நாப்பது அம்பது நாடா. "ஜனங்க முதுகை மூடி அனுப்பறதுதான் நம்ம உத்தியோகம்"னு கூட வேலை செய்யறவகிட்ட சொன்னேன். அவ சிரிச்சா. நான் சிரிக்கலை.

யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. கேக்கறதுக்கு என்ன பாக்கி இருக்கு? எல்லாத்தையும்தான் மைக்ல சொல்லியாச்சே.

ஒரு தடவை நானே என் கையால எழுதிப் பார்த்துடறேன். அம்மா படுக்கையில கிடந்த நாலாவது வருஷம். ஒரு மத்தியானம் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. தண்ணிக்குத்தான். நான் எழுந்து போய் அவங்க ரூம் கதவைச் சாத்திட்டு வந்து, சத்தம் கேக்காம இருக்கத் தையல் மிஷினை ஓட்டினேன். துணியே வைக்காம வெறும் மிஷினை ஓட்டினேன். ஒரு மணி நேரம் இருக்கும். அதுக்கப்புறம் அம்மா பன்னண்டு நாள் இருந்தாங்க. அந்தப் பன்னண்டு நாளும் என்னைக் கூப்பிடவே இல்லை.

இதை ரெண்டு பேர்கிட்டதான் சொல்லியிருக்கேன். தினமும் ஆண்டவர்கிட்ட. ஒரே ஒரு தடவை உங்ககிட்ட, உங்க சமையலறையில, பக்கத்து ரூமுக்குக் கேக்காம இருக்கக் குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு. நீங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம நின்னீங்க. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன்.

அப்புறம் அந்த ஞாயித்துக்கிழமை. பாஸ்டர் கண்ணை மூடிக்கிட்டு, "ஆண்டவர் எனக்கு ஒரு வீட்டைக் காட்டறார். சாத்தின கதவு. உள்ள ஒரு தாய் கூப்பிடறா. வெளிய ஒரு மிஷின் ஓடுது. மகளே, உன்னை மன்னிச்சேன்னு ஆண்டவர் சொல்றார்"னார். மன்னிச்சேன்னு சொன்னது யார் காதுலயும் விழலை. முந்நூறு தலையும் என் பக்கம் திரும்பிச்சு. தையல் மிஷின் வெச்சிருக்கறவ அங்க நான் ஒருத்திதானே. அண்ணன் எழுந்து வெளிய போனான். வாசல்ல நின்னு "உண்மையா"ன்னு கேட்டான். உண்மைன்னேன். அதுதான் அவன் என்கிட்ட கடைசியாப் பேசினது. நாலாம் நாள் ரயில் ஏறிட்டேன்.

உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. நீங்க வாயைத் திறக்கறவங்க இல்லைன்னு எனக்குத் தெரியும். அப்ப மிச்சம் ஒருத்தர்தான். அவர்கிட்டதான் பேச்சை நிறுத்திட்டேன். இனி நான் எதைச் சொன்னாலும் அடுத்த ஞாயிறு எந்த மைக்ல வருமோன்னு இருக்கு.

தைக்கறவ


ஏப்ரல் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை ஆறு முறை படித்தேன். ஆறு முறையும் குழாய் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போனேன்.

மேலே நாலு வரி அடித்திருப்பதைப் பார்த்திருப்பாய். ஆண்டவர் ஒரு காயத்தைத் திறப்பதே அதை ஆற்றத்தான் என்று அதில் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது அது என் பேச்சாக இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

ஆண்டவர் மேல் கோபப்படாதே. உன்னிடம் இது ஒன்றுதான் கேட்கிறேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. என் மேல் கோபப்படு, சபை மேல் கோபப்படு. அவர் மேல் வேண்டாம்.

போன ஞாயிறு இவர் எலக்ட்ரீஷியனை எழுந்து நிற்கச் சொல்லி, "கூடப் பிறந்தவனோட பேசாம எத்தனை வருஷம் இருப்பேன்னு ஆண்டவர் உன்னைக் கேக்கறார்" என்றார். அந்த மனிதர் அப்படியே முழங்காலில் விழுந்து அழுதார். சபையே அழுதது. நான் அழவில்லை. அவர் மனைவி அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. விடு. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அந்தத் தரைக்குக் கீழே ஜன்னல் இருக்கிறதா?

உன் அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

பாஸ்டரம்மான்னு எழுத உக்காந்தேன். கை வரலை. போன தடவை கோபத்துல வந்துச்சு.

ஜன்னல் இருக்கு. மேல, சுவரும் கூரையும் சேர்ற இடத்துல. அதுல தெருவுல போறவங்க செருப்பு மட்டும் தெரியும். சாப்பாடு ஆஸ்பத்திரியிலயே கிடைக்குது. உப்பு இருக்காது. நோயாளிக்குச் சமைச்சதை நமக்கும் போடறாங்க.

ரெண்டாவது மாடியில ஜெப அறைன்னு ஒண்ணு இருக்கு. எட்டு நாற்காலி போட்டிருக்காங்க. அங்க திரை மாத்தப் போனேன். ஏணியில நின்னு வளையத்தை ஒவ்வொண்ணா மாட்டினேன். கீழ ஒரு பெரியவர் கண்ணை மூடி உதட்டை அசைச்சுக்கிட்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பொறாமையா இருந்துச்சு. பசிச்சவன் அடுத்தவன் இலையைப் பார்க்கற மாதிரி பார்த்துக்கிட்டே நின்னேன்.

இன்னொரு நாள் வார்டுல அங்கி கொடுக்கப் போனப்ப ஒரு அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. மறுநாள் அவங்களுக்கு ஆபரேஷன். "எனக்காக ஒரு ஜெபம் பண்ணும்மா, பயமா இருக்கு"ன்னாங்க. என்னால முடியலை அக்கா. வாயைத் திறந்தேன், காத்துதான் வந்துச்சு. "யாரையாவது கூட்டிட்டு வர்றேன்"னு சொல்லிட்டு வந்தேன். யாரையும் கூட்டிட்டுப் போகலை. ஆபரேஷன் நல்லாத்தான் முடிஞ்சுதாம். அப்புறம் நடைவழியில என்னைப் பார்த்தப்ப முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க.

முன்னாடியெல்லாம் நான் நாள் பூரா அவரோட பேசுவேன். உங்களுக்குத் தெரியும், கேலி பண்ணுவீங்க. பாபின்ல நூல் தீர்ந்தாலும் அவர்கிட்ட சொல்லுவேன், ஜாக்கெட் அளவு தப்பாப் போனாலும் சொல்லுவேன். இப்ப ஏதாவது நடந்தா, சொல்ல ஆள் இல்லாம அது உள்ளயே நிக்குது. அம்மா போனப்ப கூட இவ்வளவு தனியா இருக்கலை.

ஒண்ணு கேக்கறேன். அவ்வளவு நம்பிச் சொன்னதை ஆண்டவர் ஏன் ஊருக்கெல்லாம் சொன்னார்? பாஸ்டர்கிட்ட கேட்டு எழுதுங்க. அவர்கிட்டதானே நேர்ல பேசறார்.


மே 6

தங்கச்சி,

பாஸ்டரிடம் கேட்க வேண்டியதில்லை. பதில் என்னிடம் இருக்கிறது. உன் கடிதம் வந்ததிலிருந்து அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் காரியத்தைச் சொன்னது ஆண்டவர் இல்லை. நான்தான்.

வாயால் சொல்லவில்லை. எழுதினேன். என் ஜெபக்குறிப்பு நோட்டை நீ பார்த்திருக்கிறாய். ஒரு பக்கத்துக்கு நாலு கட்டம் போட்டிருப்பேன். தேதி, பெயர், காரியம், பதில் வந்த தேதி. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். வேதத்தைக் கூட நானாகத்தான் எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டேன். எதையும் எழுதி வைத்தால்தான் எனக்குப் பிடிபடும். உன்னை வழியனுப்பிவிட்டு வந்து கையைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். ஒன்றையும் விடாமல் எழுதினேன். மறக்காமல் ஜெபிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். அதுவும் உண்மை.

இது தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. நோட்டு ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. இவர் புரட்டிப் பார்த்திருக்கிறார். அந்த ஞாயிறு, "இங்க ஒரு சகோதரன் மூணு வாரமாத் தூங்கலை, ஆண்டவர் அவனைத் தொடறார்" என்றார். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் ஓவென்று அழுதார். அவர் மனைவி என்னிடம் சொல்லியிருந்தாள். அன்றைக்கு மத்தியானம் இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நானும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவருக்கு ஆறுதல் கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வேண்டும். நோட்டை ஃபிரிட்ஜ் மேல் போடுவதை விட்டுவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் அவர் பிரசங்கம் தயார் செய்யும் மேஜையில் வைப்பேன். அவர் கேட்டதில்லை. நான் கொடுத்ததும் இல்லை. அது அங்கே இருக்கும், அவ்வளவுதான். கையெழுத்தைத் திருத்தமாக்கினேன். விவரம் கூட்டி எழுதினேன். நான் எழுதினது மேடையிலிருந்து ஆண்டவரின் வார்த்தையாக வரும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். அது பக்தி என்று நினைத்தேன்.

உன் முறை வந்த அன்றைக்கு மட்டும் சிலிர்க்கவில்லை. நீ பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, இன்னும் தாங்க முடியாத ஒன்றைச் செய்தேன். 'உன்னை மன்னித்தேன்' என்று மேடையில் சொல்லியாகிவிட்டதே என்று, உன் பெயருக்கு நேராக நாலாவது கட்டத்தில் தேதி போட்டேன். பதில் வந்துவிட்டதாம்.

நீ அவரிடம் சொன்னது அவரிடமேதான் இருக்கிறது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அவரைத் தப்பாக நினைக்காதே என்று சொல்லத்தான் எழுதினேன்.


ஜூன் 25

கடிதத்தைக் கிழிச்சேன். அப்புறம் துண்டையெல்லாம் பொறுக்கி வெச்சேன்.

நான் அழுதுட்டுப் படி இறங்கறேன், நீங்க பேனா தேடறீங்க. துணி வைக்காம ஓட்டினேன்னு சொன்னதையும் எழுதினீங்களா? பன்னண்டு நாளையும் எழுதினீங்களா? வாயைத் திறக்கறவங்க இல்லைன்னு உங்களுக்கு நான் சாட்சி சொல்லி எழுதினேனே, அதைப் படிச்சப்ப எப்படி இருந்துச்சு? தேதி போட்டதை மட்டும் எனக்குச் சொல்லாம விட்டிருக்கலாம்.

என்னுது முந்நூறு பேருக்கு முன்னாடி. உங்களுது மட்டும் கவர்ல போட்டு, ஒட்டி, ஸ்டாம்ப் வெச்சு ஒருத்திக்கு. எலக்ட்ரீஷியன் இன்னமும் ஆண்டவரே கூப்பிட்டுப் பேசினார்னு நினைச்சுக்கிட்டிருக்கார். நீங்க என்ன செய்யணும்னு சொல்ல நான் யாரு.

இன்னொண்ணு இருக்கு, அதுக்குத்தான் ஏழு வாரம் ஆச்சு. இத்தனை மாசமா ஆண்டவர் மேல அபாண்டமாப் பழி போட்டிருக்கேன். காட்டிக்கொடுத்துட்டார்னு சொல்லியிருக்கேன், பேச்சை நிறுத்தின அன்னைக்கு நீயெல்லாம் ஒரு தகப்பனான்னு கேட்டிருக்கேன். செய்யாததுக்கெல்லாம் பேச்சு வாங்கிட்டு அவர் சும்மா இருந்திருக்கார். இப்ப எந்த முகத்தோட போய் நிப்பேன்? முன்னாடி கோபத்துல பேசலை. இப்ப வெக்கத்துல பேச முடியலை. ரெண்டுக்கும் நீங்கதான்.

இனி எழுதாதீங்க.


ஆகஸ்ட் 12

தங்கச்சி,

எழுதாதே என்றாய். இது உனக்குத் தெரிய வேண்டிய செய்தி, அதனால் எழுதுகிறேன். பதில் போட வேண்டாம்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நோட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன்.

"நான் பொய் ஒண்ணும் சொல்லலையே. இதுல இருக்கறது எல்லாம் நடந்ததுதானே" என்றார்.

"நடந்ததுதான். ஆண்டவர் காட்டறார்னு சொன்னீங்களே."

"உன்னை எழுத வெச்சதே அவரா இருக்கலாம்ல?"

"அப்படின்னா என் பேரைச் சொல்லியிருக்கலாமே. என் வீட்டுக்காரி எழுதி வெச்சிருக்கான்னு."

கையைக் கழுவிவிட்டுப் போய் உட்கார்ந்தார். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. தேவையானதற்கு மட்டும், சாவி எங்கே, குடை எங்கே. பத்தாம் நாள் அவராகவே, "முதல் தடவை கூட்டம் அழுதப்பவே நிறுத்தியிருக்கணும். அடுத்த வாரம் வெறும் கையோட நிக்கப் பயமா இருந்துச்சு" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நோட்டில் பெயர் இருந்த பத்தொன்பது பெண்கள் வீட்டுக்கும் நான் போனேன். ஒரு நாளைக்கு இரண்டு வீடு. அதற்கு மேல் தெம்பு இல்லை. எலக்ட்ரீஷியன் மனைவி கதவைச் சாத்திவிட்டாள். கடிகாரக்காரர் மனைவி, "அவர் இப்பத் தூங்கறாரே பாஸ்டரம்மா, இதைச் சொல்லிக் கெடுத்துடாதீங்க" என்று கெஞ்சினாள். டைப்பிஸ்ட் அம்மா, "எனக்கு அப்பவே சந்தேகம். ஆண்டவர் பேசறது உன் கையெழுத்து மாதிரியே இருக்கேன்னு நினைச்சேன்" என்றாள். தேநீர் போட்டுக் கொடுத்தாள். பத்தொன்பதில் தேநீர் கிடைத்தது அந்த ஒரு வீட்டில்தான்.

போன ஞாயிறு இவர் மேடையில் ஏறவில்லை. கீழே நின்று மைக் இல்லாமல் சொன்னார். ஆண்டவர் சொன்னார் என்று நான் சொன்ன பல காரியங்களை ஆண்டவர் சொல்லவில்லை, என் மனைவியின் நோட்டைப் பார்த்துச் சொன்னேன், அவர் பெயரில் பேச எனக்குப் பயம் இல்லாமல் போயிற்று என்றார். நானும் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். பாதிப் பேர் அப்போதே எழுந்து போனார்கள். மூப்பர்கள் கூடிப் பேசி அவரை ஊழியத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். சபை வீட்டைக் காலி செய்கிறோம். இவர் ஒரு கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலைக்குப் போகிறார். போன செவ்வாய்க்கிழமை எனக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. கை சும்மா இருந்தது.

உன் அண்ணன் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து, "அவ எங்க இருக்கா?" என்றார். உன்னைக் கேட்காமல் சொல்லமாட்டேன் என்றேன். எத்தனை நாள் ஆனாலும் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

அன்றைக்குச் சமையலறையில் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதை இப்போது சொல்லிவிடுகிறேன். நாலு வருஷம் உன் அம்மா கூப்பிட்ட போதெல்லாம் நீ எழுந்து போனாய். ஒரு மத்தியானம் போகவில்லை. நாலு வருஷத்தை நான் எழுதவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை எழுதினேன். ஆண்டவர் அப்படிப் பார்க்கிறவர் இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் அவர் சிலுவையில் பாடுபட்டார். என்னுடைய இரண்டு வருஷத்துக்கும் அப்படித்தான் என்று நம்ப முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். சில நாள் நம்ப முடிகிறது.

உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஆசை இருப்பதை மட்டும் சொல்கிறேன்.


செப்டம்பர் 30

அக்கா,

அண்ணன்கிட்ட விலாசத்தைக் கொடுங்க. வந்தா மத்தியானம் ஒரு மணிக்கு மேல வரச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி கீழ விடமாட்டாங்க.

உங்க மேல கோபம் போகலை. போயிடுச்சுன்னு எழுதினா அதுவும் பொய்யாயிடும். சில நேரம் துணி மடிச்சுக்கிட்டே உங்களோட சண்டை போடறேன். பத்தொன்பது வீடு ஏறி இறங்கினதை நினைச்சா பாதியில நின்னுடுது. நீங்க கடிதம் போடுங்க. பதில் போடறேன், எப்பன்னு சொல்ல முடியாது.

போன வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் மேல போயிட்டாங்க. சலவை மிஷின்ல ஏதோ கோளாறு, அதனால துணி வரலை. மேஜை காலியா இருந்துச்சு. சும்மா உக்காந்திருந்தேன். முட்டி போடலை, கண்ணை மூடலை. என்னைத் திட்டப்போறார்னு நினைச்சுக்கிட்டே ஆரம்பிச்சேன். ஆரம்பிச்சதும் நிறுத்த முடியலை. மேல போனவங்க திரும்பி வர்ற சத்தம் கேக்கற வரைக்கும் பேசினேன். அவர் திட்டலை. இத்தனை நாள் எங்க போயிருந்தேன்னு கேக்கவும் இல்லை. நான் விட்ட இடத்துலயே இருந்தார்.

என்ன பேசினேன்னு உங்களுக்கு எழுதமாட்டேன். அது எங்களுக்குள்ள.